டெஸ்ட்டில் தேறிய கை வீட்டில் ஏன் சும்மா இருக்கிறது?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தெரபியில் கைக்கான மதிப்பெண் 57-க்கு 29-ஆக இருந்தது, இப்போது 38. ஆனால் அப்பா "இந்தக் கை எதுக்கும் உதவாது" என்கிறார். வீட்டில் எல்லாமே இடது கைதான். இப்போது அவரே பதில் சொல்ல வேண்டிய 'மோட்டார் ஆக்டிவிட்டி லாக்' கேள்வித்தாளைத் தந்திருக்கிறார்கள். அவர் சொல்வதை எழுதுவதா, நான் பார்ப்பதையா?

பதில்: அவர் சொல்வதை எழுதுங்கள். நீங்கள் பார்ப்பதைத் தனித்தாளில் குறித்து வையுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

57 என்பது மேசை முன் உட்காரவைத்துக் கொடுக்கும் 19 வேலைகளுக்கான மதிப்பெண். 'செய்' என்றால் கையால் எவ்வளவு முடிகிறது என்பதை அது காட்டும். யாரும் சொல்லாதபோது அந்தக் கை நீள்கிறதா என்பது வேறு கணக்கு. ஆரம்ப வாரங்களில் முயன்று முயன்று தோற்ற கையை மூளை ஒதுக்கப் பழகிவிடுகிறது. பலம் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடாது. ஆகவே தெரபிஸ்டும் பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை.

இப்போது தந்திருக்கும் கேள்வித்தாளில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மதிப்பெண், 0 முதல் 5 வரை: எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு நன்றாகச் செய்தார். பலரும் சறுக்குவது இங்கேதான். தினமும் அந்தக் கையால் லைட் சுவிட்சைப் போடுகிறார், ஆனால் தட்டுத்தடுமாறி என்றால் முதலாவது அதிகம், இரண்டாவது குறைவு. ஒரே எண்ணை இரண்டிலும் போட்டுவிடாதீர்கள். 5 என்பது பக்கவாதத்துக்கு முன் இருந்த நிலை. மற்றவர்களுடைய கையோடு ஒப்பிடுவதல்ல. அரை மதிப்பெண்ணும் போடலாம்.

"கை எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் அன்றைய மனநிலைதான் பதிலாக வரும். "போன வாரம் ஃபிரிட்ஜை எந்தக் கையால் திறந்தீங்க?" என்று கேளுங்கள். வலது கையால் செய்யவில்லை என்றால் காரணத்தையும் கேளுங்கள். இடது கையாலேயே செய்தார் என்றாலும், நீங்களே செய்து கொடுத்தீர்கள் என்றாலும் 0. பக்கவாதத்துக்கு முன்பே செய்யாத வேலை என்றால் (வழுக்கைத் தலைக்குச் சீப்பு எதற்கு?) எல்லா வேலைகளின் மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடும் சராசரியிலிருந்தே அதை நீக்க வேண்டும். அங்கே 0 போட்டால் மொத்தமும் வீணாகக் கீழே இறங்கும்.

அடுத்த முறையும் கேட்பவர் அதே ஆள், அதே கேள்வி வரிசை, அதே கால அளவு (போன வாரம் என்றால் போன வாரமே) இருக்கட்டும். சராசரியில் 0.5-க்கும் குறைவான ஏற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சைப் புரிந்துகொள்வதிலோ சொல்வதிலோ சிரமம் இருந்தாலோ, மறதி இருந்தாலோ, ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விட்டாலோ சுயமதிப்பீட்டை மட்டும் நம்ப முடியாது. பாதிப்பையே உணராதவர் எல்லாவற்றுக்கும் 5 சொல்வார். அப்போது உங்கள் தனித்தாள் உதவும். ஆனால் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நோயாளியைவிடக் குறைத்தே மதிப்பிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டும் வெகுவாக முரண்பட்டால், இரு மணிக்கட்டிலும் அசைவுமானி கட்டிப் பார்க்க முடியுமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்பதை அது எண்ணிக் காட்டிவிடும். நடக்கும்போது கை வீசுவதையும் சேர்த்தே எண்ணும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.