அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 60 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், போன வருடம் வேலையை விட்டார். அதே வருடம்தான் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, மேட்டில் கட்டிய தனி வீட்டுக்கும் போனோம். அப்பா இல்லை, தம்பி கட்டாரில், நான் கொழும்பில் கடை வேலை. இப்போது அம்மாவுக்குப் பிரஷர் கூடியிருக்கிறது, தூக்கமில்லை, அடிக்கடி தடிமன். இரவில் இரண்டு ரொட்டி சுட்டு ஒன்றைச் சாப்பிட்டு மற்றதைக் காலையில் நாய்க்குப் போடுகிறார். தினமும் போன் பேசுகிறேன், "ஒண்ணுமில்ல புள்ள" என்கிறார். என்னோடு கூட்டி வந்துவிடவா? - ஒரு மகள், வத்தளை

பதில்: தங்கச்சி, அந்த ரொட்டியைப் பற்றி வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அம்மாவின் கை இன்னும் இன்னொருவருக்கும் சேர்த்துத்தான் மாவு பிசைகிறது.

அவசரப்பட்டுக் கூட்டி வர வேண்டாம். காலையில் நீங்கள் கடைக்குப் போனால் இரவு வரைக்கும் அம்மா பூட்டிய அறைக்குள் யாரோடு பேசுவார்?

போன வருடம் அம்மா விட்டது வேலையை மட்டுமில்லை. கூட மலைக்குப் போன பெண்கள், பத்து மணித் தேத்தண்ணி, பீலிக்கரைப் பேச்சு, ராத்திரி இருமினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்ன மதினி, கசாயம் வைக்கவா" என்று கேட்கும் பக்கத்துக் காம்பராக்காரி, எல்லாம் ஒரே வருடத்தில் போய்விட்டது. லயம் நல்ல இடம் என்று சொல்ல வரவில்லை, ஒழுகும் கூரையும் பொதுக் கக்கூசும் யாருக்கு வேண்டும், சொந்த வீடு கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் அங்கே கேட்காமலே கிடைத்த துணையை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தடிமன் என்று எழுதியிருந்தீர்களே, அதையே வைத்து அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் என்பவரும் அவரது குழுவும் ஓர் ஆய்வு செய்து 1997இல் வெளியிட்டார்கள். நல்ல சுகத்தோடு இருந்த 276 பேரின் மூக்கில் தடிமன் வைரஸைச் சொட்டுவிட்டுத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள், அயல்வீடு, கூட வேலை செய்பவர்கள், கோயில் கூட்டம் என்று ஆறு விதமோ அதற்கு மேலோ உறவு இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று விதத்துக்கு மேல் இல்லாதவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் ஆபத்து நாலு மடங்குக்கும் அதிகம். எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட எத்தனை விதமான உறவு இருக்கிறது என்பதுதான் பெரிதாக இருந்தது. நீங்கள் தினமும் பேசுவது பெரிய காரியம், அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் அது ஒரு விதம்தான். தனியாக இருக்கும் உடம்பு எந்நேரமும் காவலுக்கு நிற்கிற மாதிரி இருக்கும், தூக்கம் கலையும், பிரஷரும் ஏறலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், கிளினிக்குக்கும் தவறாமல் போகட்டும்.

சரி, என்ன செய்யலாம்? பக்கத்தில் மலைக்குப் போகும் தாய்மார் இருப்பார்கள், அவர்களின் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து அம்மா வீட்டில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும், அந்த இரண்டாவது ரொட்டிக்கு ஆள் கிடைக்கும். தன்னை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்புக்கு நிகராக எந்த டொனிக்கையும் என்னால் சொல்ல முடியாது. பழைய கூட்டாளிகளோடு சின்னச் சீட்டு ஒன்று, வெள்ளிக்கிழமைக் கோயில், முதியோர் சங்கம் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் ஒரு விசாரிப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கட்டாதீர்கள், ஒன்று பிடித்தால் போதும். அதோடு, சாப்பாடே வேண்டாம், எதிலும் மனமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது வெறும் தனிமை இல்லை, டொக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தாலும் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போனால் இரண்டு நாள் கூட நின்று, அம்மாவோடு பழைய லயம் வரைக்கும் நடந்து போய் வாருங்கள். அந்த மேட்டுப் பாதை மழைக்கு வழுக்குகிறதா, படி வெட்டி ஒரு கைப்பிடி போட முடியுமா என்றும் பாருங்கள். முழங்கால் வலியோடு இறங்கப் பயந்துதான் அம்மா வீட்டிலேயே இருக்கிறாரோ என்னவோ.