ஹார்ட் டிஸ்க் தலைகாட்ட ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி: என் விண்டோஸ் கணினியில் பென் டிரைவ் செருகியதும் திறக்கிறது. அதே போர்ட்டில் 2 டெராபைட் வெளிப்புற ஹார்ட் டிஸ்கைச் செருகினால் 'திஸ் பிசி'யில் தெரிய இரண்டு நிமிடம் ஆகிறது. முன்பு இப்படி இல்லை. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது ஃபார்மட் பக்கம் போகாதீர்கள். பென் டிரைவ் உடனே திறப்பதால் கணினியைச் சந்தேகிக்க அவ்வளவாக இடமில்லை. பெரும்பாலும் கோளாறு டிஸ்கில் இருக்கும், அல்லது அதன் கேபிளில்.

நன்றாக ஓடிய டிஸ்க் திடீரென்று மெதுவானால் எனக்குக் கவலையாக இருக்கும். படிக்க முடியாத செக்டர்களை (டிஸ்கில் தரவு பதியும் சிறு பகுதிகளை) டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதாலும் இப்படித் தாமதமாகும். ஆகவே டிஸ்க் திறக்கும்போதே, இன்றைக்கே, இழக்க முடியாத கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். பழுதுபார்க்கும் கருவிகளைப் பிறகுதான் தொட வேண்டும். நலிந்த டிஸ்க் அந்தச் சுமையிலேயே படுத்துவிடக்கூடும்.

அடுத்து, தாமதம் எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள். விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டிஸ்கைச் செருகுங்கள்.

பட்டியலில் டிஸ்கே வரவில்லையா? காதை வைத்துக் கேளுங்கள். சுழன்று, நின்று, மறுபடி சுழன்றால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஹார்ட் டிஸ்குக்குச் சுழலத் தொடங்கும்போதுதான் அதிக மின்சாரம் வேண்டும். பென் டிரைவுக்கு அந்தத் தேவையே இல்லை. நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் கருவி) இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

டிஸ்க் பட்டியலில் வந்தும் டிரைவ் எழுத்து (E:, F: போன்றது) வரத் தாமதமானால் கோப்பு அமைப்பில், அதாவது எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேட்டில், சிக்கல் இருக்கலாம். 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்குவது இதற்கு வழக்கமான காரணம். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கத் தடுமாறும் செக்டர்கள்) எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அதில் இனி புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம், புது டிஸ்குக்கு மாறுங்கள். நிலை நன்றாக இருந்தால் மட்டும் டிரைவின் பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ் வழியாகப் போய் 'செக்' கொடுங்கள்.

எழுத்தும் வந்து, உள்ளே திறக்கும்போது மட்டும் மேலே முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்துகொண்டிருக்கலாம். ஆயிரக்கணக்கில் படங்கள் உள்ள ஃபோல்டரானால் அதன் பிராப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பகுதிக்குப் போய் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள்.