கருவில் கண்ட சிறுநீர் அடைப்பும் பிள்ளையின் சிறுநீர்ப்பையும்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 21ஆவது வாரம். ஸ்கேனில் குழந்தையின் சிறுநீர்ப்பை பெருத்து, இரு சிறுநீரகங்களிலும் நீர் தேங்கியுள்ளது. சிறுநீர் வெளியேறும் குழாயான சிறுநீர்த்தாரையில் வால்வு அடைப்பு, அதாவது வால்வு போன்ற சவ்வு மடிப்பால் வரும் அடைப்பு, இருக்கலாம் என்றார்கள். பிற்காலத்தில் சிறுநீர்ப்பை ஒழுங்காக வேலை செய்யுமா என்பதை ஸ்கேனே சொல்லிவிடாதா?

பதில்: சொல்லாது, அம்மா. சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருப்பதையும், அதன் கீழே தாரை விரிந்து சாவித் துவாரம் போலத் தெரிவதையும் ஸ்கேன் காட்டும். நான் முதலில் பார்ப்பது பனிக்குட நீரைத்தான். 16 வாரத்துக்குப் பிறகு அந்நீரில் பெரும்பங்கு குழந்தை கழிக்கும் சிறுநீரே என்பதால், அது வெகுவாகக் குறைந்தால் சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமன்றி நுரையீரல் வளர்ச்சியைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். ஆனால், அடைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் உந்தியதால் தடித்துப்போன தசை பின்னாளில் எப்படி இயங்கும் என்பதைப் பிள்ளை வளர வளரத்தான் அறிய முடியும்.

கேள்வி: கருவிலேயே குழாய் பொருத்தி நீரை வடித்துவிட்டால் எல்லாம் சரியாகாதா?

பதில்: அப்படி உறுதி சொல்ல முடியாது. இந்தக் குழாய் முறையைச் சோதித்து 2013இல் வெளியான பிரிட்டனின் ப்ளூட்டோ ஆய்வில் 31 பெண்களே சேர்ந்தனர். குழாய் பொருத்திய குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாகத் தோன்றினாலும், இரண்டு வயதில் சிறுநீரகப் பாதிப்பின்றி இருந்தவர்கள் மிகச் சிலரே.

கேள்வி: இதே அடைப்போடு பிறந்த என் மகனுக்குச் சில நாள்களிலேயே வால்வை அகற்றிவிட்டார்கள். ஐந்து வயதாகியும் மகன் பகலிலேயே உடையை நனைக்கிறான். சோம்பல்தான் என்று வீட்டில் அடிக்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அடிப்பதை இன்றே நிறுத்துங்கள், இது அவன் செய்யும் குற்றமன்று. வால்வு போன பின்பும் சிறுநீர்ப்பை இறுக்கமாகவே இருந்து, கொஞ்சம் நிரம்பினாலே அழுத்தம் ஏறலாம். அந்த அழுத்தம் மேலே சிறுநீரகம் வரை செல்லும். பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாததால், இரவு பகல் பாராமல் நீர்த்த சிறுநீர் ஏராளமாகச் சேர்ந்து, அந்தப் பையை ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்கும். அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனையும், கழித்த பின் மீதி எவ்வளவு நிற்கிறது என்ற ஸ்கேனும் அவனுக்குத் தேவை. இரண்டு மூன்று மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அனுப்பி, சில நிமிடம் கழித்து மறுபடியும் போகச் சொல்லுங்கள். சோதனை முடிவைப் பொறுத்து பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்தோ, வேளைதோறும் சுத்தமான குழாயால் சிறுநீரை எடுப்பதோ தேவைப்படலாம். குழாய் என்றதும் பெற்றோர் கலங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சிறுநீரகத்தைக் காப்பதே அதன் வேலை.

கேள்வி: கிரியாட்டினின் அளவை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு. முதல் ஆண்டில் அது இறங்கிய மிகக் குறைந்த அளவைக் குறித்து வையுங்கள். டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் நல்ல அறிகுறி.

கேள்வி: 13 வயது மகன் இப்போது நனைப்பதே இல்லை. இனி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும், ஐயா. முன்பு இறுகியிருந்த பை பதின்வயதில் தளர்ந்து பெருத்து, முழுதும் காலியாகாமல் போவதுண்டு. நனைவதில்லை என்பதாலேயே அது வீட்டில் தெரியாமல் போகும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கழித்த பின் எடுக்கும் ஸ்கேன் ஆகிய நான்கையும் பாருங்கள். அடுத்த முறை போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.