ஆறு பேரில் யாருக்கு ஓட்டு?

2025 தேர்தலுக்கு முன் எடிசன் ஊரிலிருந்து கேட்டிருந்தீர்கள்: நியூ ஜெர்சி ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2025 ஜூன் 10 முதல்நிலைத் தேர்தலில் ஆறு பேர், எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், எப்படித் தேர்ந்தெடுப்பது என்று.

பேச்சை விடுங்கள், பழைய வேலையைப் பாருங்கள். ஃபுலாப் 2013-இல் ஜெர்சி சிட்டி மேயர் ஆனவர், பராக்கா 2014-இல் நியூவார்க் மேயர் ஆனவர். அந்த ஊர்களில் வாடகை என்ன ஆனது, பள்ளிகள் எப்படி என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். ஷெரில், காட்ஹைமர் இருவரும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எப்படி வாக்களித்தார்கள் என்பது பொதுப் பதிவில் உள்ளது. ஸ்வீனி 12 வருடம் மாநில செனட் தலைவராக இருந்தவர். ஸ்பில்லர் அந்தத் தேர்தலின்போது மாநில ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்தவர். அவருக்காகச் செலவான பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது, அதையும் மனதில் வையுங்கள்.

இங்கே மாநிலத் தலைமை வழக்கறிஞரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆளுநர்தான் நியமிக்கிறார். அதனால் கூட்டத்துக்குப் போனால் "யாரை நியமிப்பீர்கள்?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, மழுப்புகிறவர் அந்த இடத்தில்தான் மாட்டுவார்.

அப்புறம், எந்தக் கட்சியிலும் பதியவில்லை என்றீர்களே? கவலை வேண்டாம், வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம்.