1967 ஹாங்காங் கலவரத்தை பிரிட்டிஷ் அரசு எப்படிச் சமாளித்தது?

முதலில் அடக்குமுறை, அப்புறம் சலுகை.

1967 மே மாதம் சான் போ காங் பகுதியில், ஒரு பிளாஸ்டிக் பூ தொழிற்சாலையில் கிளம்பிய தொழிலாளர் தகராறுதான் ஆரம்பம். சீனாவில் கலாச்சாரப் புரட்சி கொழுந்துவிட்டு எரிந்த நேரம். உள்ளூர் இடதுசாரிகள் அதைக் காலனி ஆட்சிக்கு எதிரான போராட்டமாக மாற்றினார்கள். தெருக்களில் வெடிகுண்டுகள்கூட வைக்கப்பட்டன. மொத்தம் 51 பேர் இறந்தார்கள்.

ஆளுநர் டேவிட் டிரெஞ்ச் அவசரகால விதிகளைக் கையில் எடுத்தார். ஊரடங்கு, விசாரணையில்லாத காவல். ஆகஸ்டில் நார்த் பாயின்டின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் ஹெலிகாப்டர்கள் போலீஸை இறக்கின. அதே மாதம் மூன்று இடதுசாரிப் பத்திரிகைகள் முடக்கப்பட்டன. பதிலுக்கு பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தையே கொளுத்திவிட்டார்கள்!

லண்டனின் சங்கடம் இதுதான்: குடிநீர், உணவு எல்லாவற்றுக்கும் ஹாங்காங் சீனாவை நம்பியிருந்தது. உறுதி காட்டவும் வேண்டும், பெய்ஜிங்கை ரொம்பச் சீண்டவும் கூடாது.

கலவரம் ஓய்ந்த பிறகுதான் நிர்வாகத்துக்கு மக்கள் ஞாபகம் வந்தது என்பேன். 1968இல் புதிய வேலைவாய்ப்புச் சட்டம், குறை கேட்க வட்டார அதிகாரிகள். 1974இல் சீன மொழிக்கு ஆட்சிமொழி அந்தஸ்து. சட்டமன்றத்துக்குத் தேர்தல் மட்டும் 1985 வரை வரவில்லை.