பிரையாரிட்டி டேட் சந்தேகங்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் வக்கீல் இல்லை. எந்தத் தேதிக்காரர் வரை கிரீன் கார்டு கிடைக்கும் என்று அமெரிக்க அரசு மாதா மாதம் வெளியிடும் விசா புல்லட்டினை 2007 முதல் படித்து வருகிறவன். கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வரிசை பற்றி மட்டும் கேளுங்கள். அந்த வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதிதான் பிரையாரிட்டி டேட். ஸ்டாம்பிங், லாட்டரி எல்லாம் எனக்குப் பழக்கமில்லை.

கேள்வி: இபி-2 (வேலை வழிப் பிரிவுகளில் இரண்டாவது), இந்தியா. என் டேட் 2014 மார்ச். புல்லட்டினில் போடும் தேதிக்கு என்னதான் அர்த்தம்?

அந்தத் தேதிக்கு முன்னால் வரிசைக்கு வந்தவர்களுக்கு மட்டும் இந்த மாதம் விசா எண் உண்டு. 2024 அக்டோபரில் உங்கள் பிரிவுக்கு 2012 ஜூலை 15 என்று இருந்தது. அப்படியென்றால் ஜூலை 14 வரைக்கும்தான், 15ஆம் தேதிக்காரருக்குக் கிடையாது. உங்கள் டேட் என்பது கம்பெனி உங்களுக்காக பெர்ம் (தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று) மனு போட்ட நாள். பெர்ம் தேவைப்படாத பிரிவு என்றால் ஐ-140, அதாவது உங்களுக்காகக் குடியேற்றத் துறைக்குப் போடும் மனு, போய்ச் சேர்ந்த நாள்.

ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? வேலை வழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் இபி-2 பங்கு 28.6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று பிரித்தால் இந்தியாவுக்கு 2,800 சொச்சம். இந்த எண்ணிக்கையிலேயே மனைவி, பிள்ளைகளும் அடக்கம். நாலு பேர் குடும்பம் என்றால் நாலு எண் போய்விடும். மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் நமக்குக் கொஞ்சம் கூடும். அந்த மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் தேதி முன்னே ஓடுகிறது, சில சமயம் பின்னுக்கும் போகிறது.

கேள்வி: என் டேட் 2016. எந்த வருஷம் வரும், சார்?

சொல்ல முடியாது. மேலே சொன்னதுதான் காரணம்.

கேள்வி: இரண்டு அட்டவணை இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

2015 அக்டோபரிலிருந்து இரண்டு. ஒன்று கார்டு கொடுக்கும் தேதி, மற்றொன்று ஐ-485 (கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) மனு போடும் தேதி. அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் எதைப் பின்பற்றலாம் என்று யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) மாதா மாதம் அறிவிக்கும். புல்லட்டின் வந்ததும் குதிக்காமல் அந்த அறிவிப்பையும் பாருங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், மனைவி மதுரை. அவருடைய ஐ-140 இந்திய வரிசையில் நிற்கிறது. காத்திருப்பதைத் தவிர வழியில்லையா, அண்ணா?

இருக்கிறது! வரிசையைத் தீர்மானிப்பது பிறந்த நாடு, பாஸ்போர்ட் இல்லை. கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டை மற்றவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் மனைவி இலங்கைக் கணக்கில், 'மற்ற நாடுகள்' வரிசைக்கு வரலாம். இருவரும் சேர்ந்தே மனு போட வேண்டும். அந்த வரிசைக்கும் 2022 டிசம்பரில் தேதி போட்டார்கள்தான், ஆனாலும் இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. நாளைக்கே வக்கீலிடம் பேசுங்கள், தம்பி.

கேள்வி: இது அநியாயம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பிறந்தால் சில வருஷம், இந்தப் பக்கம் பிறந்தால் பல பத்தாண்டா?

அநியாயம்தான். திறமையைப் பார்த்து வேலை கொடுத்துவிட்டு, பிறந்த ஊரைப் பார்த்து வரிசையில் நிறுத்துகிறார்கள்.

கேள்வி (இன்னொருவர்): ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பை எடுத்துவிட்டால் எல்லா இடத்தையும் இந்தியர்களே எடுத்துக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ் என்ன பாவம் செய்தார்?

நியாயமான கேள்வி, தள்ளிவிட மாட்டேன். 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை இந்த வரம்பை நீக்கும் மசோதாவை 365-65 என்று நிறைவேற்றியது. செனட் 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து மசோதா செத்துப்போனது. அன்றைக்கும் உங்கள் வாதத்தைத்தான் எதிர்த்தரப்பு வைத்தது. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் ஒருவரின் காத்திருப்பு இன்னொருவர் தலையில் விழும் என்பது உண்மை. என் வாதம் என்னவென்றால், 1990 சட்டத்தில் வைத்த 1,40,000 இன்றைக்குப் போதாது, குடும்பத்தினரையாவது அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். நர்ஸோடு நமக்குச் சண்டை இல்லை.

கேள்வி: டேட் 2015 ஆகஸ்ட், இபி-3. எப்போ...

மேலே பாருங்கள். இதே கேள்வி இன்னும் ஆறு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். இனி இதற்குப் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: கம்பெனி மாறினால் டேட் போய்விடுமா?

ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் பொதுவாகப் போகாது. புதுக் கம்பெனி மறுபடி பெர்ம், ஐ-140 போடும், பழைய டேட் உங்களோடு வரும். ஆனால் ஐ-140 அப்ரூவ் ஆனதற்கான ஐ-797 நோட்டீஸின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். மேலே 'பிரையாரிட்டி டேட்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் இருக்கும் தேதிதான் உங்கள் இத்தனை வருஷம். வேலையை விட்ட பிறகு கேட்டால் பல கம்பெனிகள் தருவதில்லை.

கேள்வி: மகளுக்கு 19 வயது. 21 தாண்டிவிட்டால் அவளுக்குக் கார்டு போய்விடுமா?

கார்டு கொடுக்கும் தேதி உங்களுக்குக் கரண்ட் ஆகும் (உங்கள் டேட்டைத் தாண்டும்) நாளில் அவளுடைய வயதை எடுத்து, ஐ-140 நிலுவையில் இருந்த காலத்தைக் கழிப்பார்கள். அன்று 21 வயது 5 மாதம், நிலுவை 8 மாதம் என்றால் 20 வயது 9 மாதம். தப்பித்தாள். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, கரண்ட் ஆன ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் மனுக்களுக்கு மனு போடும் அட்டவணை இந்தக் கணக்கில் உதவாது. பிரீமியத்தில் (கூடுதல் கட்டணம் கட்டி) ஐ-140 சீக்கிரம் அப்ரூவ் ஆனவர்களுக்குக் கழிக்க மாதமே இருக்காது. நோட்டீஸை எடுத்து ஐ-140 போட்ட தேதி, அப்ரூவ் ஆன தேதி இரண்டையும் இன்றே பாருங்கள்.

கேள்வி: டேட் பக்கத்தில் வந்துவிட்டது. என்ன தயார் செய்ய?

பிறப்புச் சான்றிதழ். 2007 ஜூலை புல்லட்டினில் வேலைப் பிரிவு அநேகமாக எல்லோருக்கும் கரண்ட் என்றார்கள். ஜூலை 2 அன்று எண் தீர்ந்தது என்றார்கள். ஜூலை 17 அன்று மறுபடி திறந்து, ஆகஸ்ட் 17 வரை மனு வாங்கினார்கள். அந்த ஒரு மாதத்தில் என் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், பெயர் இடத்தில் ஒன்றுமில்லை, 'ஆண்' என்று மட்டும் இருந்தது. ஊரில் அண்ணன் நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பெயரைச் சேர்த்து, கூரியரில் அனுப்பினார். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் கைக்கு வந்தது.