வாசகர் கேள்வி-பதில்: ஸ்பிரிங்கை வெட்டலாமா, வளையம் வைக்கலாமா?

கேள்வி: என்னுடையது இருபது வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலே பின்பக்கம் இறங்கிவிடுகிறது, வேகத்தடையில் அடி தட்டுகிறது. புது ஷாக் அப்சார்பர் போட்டும் உயரம் ஏறவில்லை. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா சார்?

பதில்: ஷாக் மாற்றினால் உயரம் ஏறாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. கேஸ் அடைத்த ஷாக் லேசாகத் தூக்கும், ஆனால் தொய்ந்த ஸ்பிரிங்கை நிமிர்த்தும் அளவுக்கு இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். உங்கள் மாடலுக்கு உரிய அளவைவிட இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் தொய்வு. ஒரு பக்கம் மட்டும் 15, 20 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ச் சுற்று உட்காரும் கிண்ணத்தில் தண்ணீரும் சேறும் தேங்கும், பெயிண்ட் உரியும், துரு ஏறும், கடைசியில் அரைச் சுற்று அளவுக்கு ஒரு துண்டு உடைந்து அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து, விரலை விட்டுத் தடவினால்தான் தெரியும்.

ரப்பர் வளையம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வளையம் பிடித்திருக்கும் சுற்றுகள் வேலை செய்யாது, அந்தச் சுமையும் மற்ற சுற்றுகள் மேல் விழும். போதாக்குறைக்கு ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மணல் புகுந்து தேய்த்து, புதுத் துருவுக்கு வழி செய்யும். உங்கள் மாடலுக்கு உரிய புது ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எப்போதும் பாரம் ஏற்றுகிறவர் என்றால் அதே காரின் கனமான வகைக்கு வரும் பின் ஸ்பிரிங் பொருந்துமா என்று பார்க்கலாம். ஆனால் கம்பியின் தடிமனைக் கவனியுங்கள். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்து, 10 மில்லிமீட்டர் கம்பி 11 ஆனால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும், ஏனென்றால் விறைப்புக் கணக்கில் தடிமனை அதே தடிமனால் திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டும், 1.1 × 1.1 × 1.1 × 1.1 என்று. அவ்வளவு விறைப்பை அடக்க உங்கள் ஷாக்குக்குத் தெம்பு இருக்காது, காலி வண்டி தவளை மாதிரி குதிக்கும்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்பக்கம் தாழ்வாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஆசை. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும் என்கிறான் நண்பன்.

பதில்: தம்பி, வெட்டாதீர்கள். ஆசை தப்பில்லை, வழிதான் தப்பு. வேலை செய்யும் சுற்றுகள் ஆறில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகும், கூடவே குட்டையாகும். 1974-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் தொடங்கி எத்தனையோ சின்னக் கார்களின் பின்பக்கத்தில் இருப்பது முறுக்கு ஆக்சில், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் இணைத்து, தானே முறுக்கிக் கொடுக்கும் குறுக்குச் சட்டம். இந்த வகையில் பல கார்களில் ஸ்பிரிங் தனியாக, கிண்ணத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் இடம் விட்டு நழுவும். கேஸ் வெட்டியால் சூடு காட்டி வெட்டினாலோ இரும்பின் பதம் போய் இன்னும் தொய்யும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வராத பழைய கார்கள் பலவற்றில் பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில், பாடியில் ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஒரு கம்பியும் இருக்கும். குனிந்து பாருங்கள், அழுக்கு படிந்து ஒன்றுமில்லாத சாமான் மாதிரி தெரியும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து வண்டியில் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப பின்பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதுதான். நீங்கள் வண்டியைத் தாழ்த்தினால் காலி வண்டியையே பாரவண்டி என்று அது நினைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடும். மழையில் அவசரமாக பிரேக் மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் சுழன்று முன்னால் வந்துவிடும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகவாவது சறுக்கும். இதில் அதுகூடக் கிடையாது. கண்டிப்பாகத் தாழ்த்தத்தான் வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற நீளத்தில் ஷாக், அப்புறம் அந்த வால்வைச் சரியான அளவுக்குத் திருத்துவது, மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள். ஹெட்லைட்டையும் இறக்குங்கள், இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

கேள்வி: பின் ஆக்சிலைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் புஷ் புதிதாகப் போட்டு நாலே மாதம், அதற்குள் கிரீச் சத்தம். புஷ் மட்டமானதா?

பதில்: இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் மாட்டிய விதத்தின் மேல். எனக்கே இது நடந்திருக்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டார்கள். இந்த புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். என் வண்டியில் கழற்றிப் பார்த்தபோது ரப்பரின் ஒரே பக்கத்தில் பிறை மாதிரி கிழிசல், மறுபக்கம் புதுசு போலவே இருந்தது. போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியை நாலு தரம் அமுக்கி விட்டு, அதன் இயல்பான உயரத்தில் வைத்து டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள்.

ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தினசரி ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும். முறுக்கு ஆக்சிலின் புஷ் பல திசையில் வளைந்து கொடுக்க வேண்டியது, கடினமான புஷ் அந்த அசைவைப் பிடித்து வைக்கும், அதிர்வும் உள்ளே வரும். கிரீச் சத்தமும் கிரீஸ் காய்ந்ததும் திரும்ப வந்துவிடும்.